கரையிலிருந்து எடுக்கும் படம்: கேனான் ஆர்7 கேமராவுடன் இரண்டு பறவைப் பருவங்கள்

வேடந்தாங்கல் ஏரிக்கரையில் நின்று படம் எடுக்கும் எவரும் ஓர் எல்லைக்குக் கட்டுப்பட்டவரே. நத்தைக்குத்தி நாரையும் கரண்டிவாயனும் பாம்புத்தாராவும் கூடு கட்டும் நீர்க்கடம்ப மரங்கள் தண்ணீருக்குள் நிற்கின்றன. நமக்குரிய இடம் கரை மட்டுமே. நெருங்கிச் செல்ல வழியில்லாத இடத்தில் பறவையைப் படத்தில் பெரிதாகப் பெற வேண்டுமானால், பல லட்சம் ரூபாய் விலையுள்ள கனமான லென்ஸை வாங்க வேண்டும், அல்லது ஒளியைப் பதிவு செய்யும் சிறிய பரப்பில் மிகுதியான பிக்சல்களை, அதாவது படப்புள்ளிகளை, அடக்கிய கிராப் சென்சார் கேமராவை நாட வேண்டும். நான் இரண்டாவதைத் தேர்ந்தேன். கேனான் நிறுவனம் 2022 மே மாதத்தில் அறிவித்த ஈ.ஓ.எஸ். ஆர்7 கேமராவை இரண்டு பறவைப் பருவங்களிலும், இடையிடையே கபடி, கால்பந்து ஆட்டங்களிலும் பயன்படுத்திய பின்னரே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

கிராப் சென்சாரில் 400 மி.மீ. லென்ஸ் 640 மி.மீ. ஆகிவிடும் என்று கடைகளில் சொல்வார்கள். பார்வைக் கோணத்தைப் பொறுத்தவரை அது சரியே. ஆனால் கேமரா வாங்குவதற்கு அதையே காரணமாகக் கொள்ளக் கூடாது. பெரிய சென்சார் (36 x 24 மி.மீ.) கொண்ட ஃபுல் ஃப்ரேம் கேமராவில் எடுத்த படத்தின் நடுப்பகுதியை வெட்டி எடுத்தாலும் அதே கோணம் கிடைத்துவிடும். கேட்க வேண்டிய கேள்வி, பறவையின் உருவத்தின்மேல் எத்தனை பிக்சல்கள் விழுகின்றன என்பதே. வெண்மார்பு மீன்கொத்தியின் நீளம் ஏறத்தாழ 28 செ.மீ. அது 20 மீட்டர் தொலைவில் பக்கவாட்டில் அமர்ந்திருக்கையில், 400 மி.மீ. லென்ஸ் அதன் உருவத்தைச் சென்சாரின்மேல் 5.6 மி.மீ. நீளத்துக்கு வரைகிறது. எந்தக் கேமரா உடலில் பொருத்தினாலும் இந்த 5.6 மி.மீ. மாறுவதில்லை. 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் கேமராவில் அந்த நீளத்துக்குள் சுமார் 930 பிக்சல்கள் அடங்குகின்றன. 45 மெகாபிக்சல் கேமராவில் சுமார் 1,270. ஆர்7இல் சுமார் 1,750. 22.3 மி.மீ. அகலமுள்ள சென்சாரில் 6,960 பிக்சல்களை வரிசையாக அடுக்கியிருப்பதன் பயன் இதுவே. இதே அடர்த்தியை ஃபுல் ஃப்ரேம் அளவில் பெற வேண்டுமானால் 80 மெகாபிக்சலுக்கு மேற்பட்ட சென்சார் தேவைப்படும்.

சிறிய சென்சாரில் இரைச்சல், அதாவது படத்தில் படரும் புள்ளிப்புள்ளியான சிதறல், அதிகம் என்ற குறையையும் இந்தக் கணக்கோடு சேர்த்தே பார்க்க வேண்டும். ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் பரப்பு ஆர்7இன் பரப்பைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. அந்தப் பரப்பு முழுவதையும் நம் காட்சியால் நிரப்ப முடிந்தால் அது அத்தனை மடங்கு ஒளியைச் சேர்க்கும். படம் தெளிவாகவே இருக்கும். ஆனால் பறவை படச்சட்டத்தின் பத்தில் ஒரு பங்கைத்தான் நிரப்புகிறது என்றால், மீதிப் பரப்பு சேர்த்த ஒளியை நாம் வெட்டி எறிந்துவிடுகிறோம். ஒரே லென்ஸின் வழியாக, ஒரே தொலைவிலிருந்து, பறவையின் உருவத்தில் விழும் ஒளி இரண்டு கேமராக்களிலும் ஒன்றுதான். ஆகவே நெருங்க முடியாத இடத்தில் கிராப் சென்சாரால் இழப்பு மிகக் குறைவு. நெருங்க முடிந்த இடத்தில் இழப்பு உண்மையானது. கேமரா வாங்க எண்ணுபவர் தாம் எடுக்கப்போகும் காட்சிகள் எவ்வளவு தொலைவில் இருக்கும் என்பதை முதலில் எழுதிப் பார்க்கட்டும். மற்ற ஒப்பீடுகள் எல்லாம் அதற்குப் பின்புதான்.

நான் பெரும்பாலும் பொருத்துவது ஆர்.எஃப். 100-400 மி.மீ. எஃப்/5.6-8 லென்ஸ். அதன் எடை 635 கிராம். கேமராவின் எடையும் பேட்டரி, கார்டுடன் 612 கிராம்தான். ஒன்றேகால் கிலோ எடையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு காலை ஆறு மணி முதல் கரையில் நடக்க முடிகிறது என்பதைக் கேமராவின் விவரப்பட்டியலில் வரும் எந்த எண்ணைக் காட்டிலும் பெரிய நன்மையாக நான் கருதுகிறேன். ட்ரைபாடை விரித்து முடிப்பதற்குள் பறந்துவிட்ட பறவைகள் பல. கையில் பிடித்து எடுத்த கேமராவில்தான் அவை அகப்பட்டன. ஆயினும் 400 மி.மீ. நிலையில் அந்த லென்ஸின் திறப்பு எஃப்/8 என்பதை மறக்கக் கூடாது (எஃப் எண் கூடக்கூட ஒளி நுழையும் திறப்பு சிறுக்கும்). இவ்வளவு சிறிய பிக்சல்களில், எஃப்/8இல் ஒளி விளிம்பில் சிதறுவதால் ஏற்படும் மென்மை நூறு விழுக்காட்டுப் பெரிதாக்கத்தில் கண்ணுக்குத் தெரியும். ஆர்.எஃப். 100-500 மி.மீ. எஃப்/4.5-7.1 லென்ஸ் இதைவிடத் தெளிவானது. எடையும் இரு மடங்குக்கு மேல், விலையோ பல மடங்கு. பணம் எவ்வளவு இருந்தாலும் அதை உடலில் போடாமல் லென்ஸில் போடுங்கள் என்று இத்துறையில் மூத்தவர்கள் சொல்வது இந்தக் கேமராவுக்கு மிகவும் பொருந்தும், ஏனெனில் இதன் சென்சார் லென்ஸின் ஒவ்வொரு குறையையும் எடுத்துக்காட்டிவிடுகிறது.

ஆட்டோஃபோகஸ், இந்தக் கேமராவை நான் விரும்பக் காரணமான பகுதி. மனிதர், விலங்கு, வாகனம் என்று மூன்று வகைகளில் எதைத் தேட வேண்டும் என்று சொல்லிவிடலாம். விலங்கு என்ற தேர்வில் பறவையும் அடங்கும். வெட்டவெளியில் பறக்கும் கூழைக்கடாவின் கண்ணை அது பிடித்துக்கொண்டு தொடர்வதை முதன்முறை பார்த்தபோது, பல ஆண்டுகள் நடுப்புள்ளியை மட்டும் நம்பிப் படம் எடுத்த எனக்குப் பெருமகிழ்ச்சி உண்டாயிற்று. கிளைகளுக்கு இடையே அமர்ந்த பறவையிடம் நிலைமை வேறு. சட்டம் முழுவதையும் கேமராவிடம் ஒப்படைத்தால் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சுள்ளியில் ஃபோகஸ் விழுந்துவிடக்கூடும். இதற்காகப் பின்புறமுள்ள இரண்டு பொத்தான்களுக்கு இரண்டு வேலைகளைக் கொடுத்திருக்கிறேன்: ஒன்று சிறு புள்ளியில் மட்டும் ஃபோகஸ் செய்யும், மற்றொன்று சட்டம் முழுவதும் கண்ணைத் தேடும். முதல் பொத்தானால் பறவை இருக்கும் தொலைவுக்கு லென்ஸைக் கொண்டுவந்து, உடனே இரண்டாவதை அழுத்தினால் கண் பெரும்பாலும் அகப்பட்டுவிடும். கேமரா வாங்கிய முதல் வாரத்திலேயே இதை அமைத்து, விரல் தானாகச் செல்லும்வரை வீட்டுத் தோட்டத்துக் காகத்திடமும் மைனாவிடமும் பழகிக்கொள்வது நல்லது.

ஷட்டரைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, ஏனெனில் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வரும் எண் புதியவரைத் தவறான பக்கம் இழுத்துச் செல்லக்கூடியது. ஆர்7, திரை அசைந்து திறந்து மூடும் மெக்கானிக்கல் ஷட்டரில் நொடிக்கு 15 படங்களும், எலெக்ட்ரானிக் ஷட்டரில் நொடிக்கு 30 படங்களும் எடுக்கும். 30 என்பது 15ஐ விட மேல் என்று எண்ணி அதிலேயே வைத்துவிடக் கூடாது. எலெக்ட்ரானிக் ஷட்டரில் சென்சார் மேல்வரிசையிலிருந்து கீழ்வரிசைவரை படிப்படியாகப் படிக்கப்படுகிறது. இந்தச் சென்சாரில் அந்தப் படிப்பு முடிய நொடியின் முப்பதில் ஒரு பங்கு அளவுக்கு நேரம் ஆகிறது. ஷட்டர் வேகத்தை 1/4000 நொடி என்று வைத்திருந்தாலும், முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் இடையே உள்ள இந்தக் கால வேறுபாடு குறைவதில்லை. அதற்குள் மீன்கொத்தியின் சிறகு இடம் மாறிவிடுகிறது. படத்தில் சிறகு ரப்பரைப்போல் வளைந்து நிற்கும். பறவையைத் தொடர்ந்து கேமராவைத் திருப்பும்போது பின்னணியில் உள்ள பனைமரங்கள் சாய்ந்துவிடும். கிரிக்கெட் மட்டை வளையும், பந்து முட்டை வடிவம் பெறும். கணினியில் இதைத் திருத்த வழியில்லை.

ஆகவே பறப்பனவற்றுக்கும் ஓடுபவர்களுக்கும் மெக்கானிக்கல் ஷட்டர், கிளையில் அமைதியாக அமர்ந்திருப்பவற்றுக்கு எலெக்ட்ரானிக் ஷட்டர் என்று பிரித்து வைத்திருக்கிறேன். கூட்டில் குஞ்சு பொரித்திருக்கும் பறவைக்கு அருகில் ஓசையில்லாத ஷட்டர் ஒரு வரம். திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் ஊருக்குள் இருக்கும் மரங்களிலேயே நாரைகளும் கூழைக்கடாக்களும் கூடு வைக்கின்றன. அங்குள்ள மக்கள் அவற்றைத் தங்கள் வீட்டுப் பிள்ளைகளைப்போல் காத்துவருகிறார்கள். அத்தகைய இடத்துக்குச் செல்பவர் ஓசையையும் ஃப்ளாஷையும் விட்டுவிட்டுச் செல்வதே மரியாதை.

பொத்தானை முழுவதும் அழுத்துவதற்கு அரை நொடி முன்னிருந்தே படங்களைச் சேர்த்துவைக்கும் ரா பர்ஸ்ட் என்ற வசதியும் இதில் உண்டு. பறவை கிளையிலிருந்து எழும் நொடியை மனிதக் கையால் பிடிப்பது அரிது என்பதால் இது பெரிதும் உதவும். ஆனால் இதுவும் எலெக்ட்ரானிக் ஷட்டரில் இயங்குவதால் சிறகு வளையும் இடையூறு இதிலும் உண்டு. நாரை, கூழைக்கடா போல மெதுவாகச் சிறகடிக்கும் பெரிய பறவைகளிடம் அது அவ்வளவாகத் தெரிவதில்லை, தேன்சிட்டிடம் தெரியும். படங்கள் ஒரே கோப்பாகச் சேர்ந்துவிடுவதால், வேண்டியவற்றைப் பின்னர் பிரித்தெடுக்கும் வேலையும் இருக்கிறது. எடுத்த படங்களைக் கார்டில் எழுதும்வரை தாங்கிவைக்கும் பஃபரும் பெரிதன்று. சென்சார் பதிந்த தரவை முழுமையாக வைக்கும் ரா வடிவில் நொடிக்கு 15 படங்கள் வீதம் எடுத்தால் ஏறத்தாழ 50 படங்களில், அதாவது மூன்றரை நொடிக்குள், அது நிரம்பிவிடும். சி-ரா என்ற சுருக்கிய வடிவில் அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் இடம் கிடைக்கிறது; தரத்தில் நான் வேறுபாடு கண்டதில்லை. வேகமான யு.ஹெச்.எஸ்.-2 கார்டுக்குச் செலவழிப்பது இங்கே வீண் ஆகாது.

ஷட்டர் வேகத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். அமர்ந்த பறவைக்கு 1/800, பறக்கும் நாரைக்கு 1/2000, சிறு பறவைக்கு 1/3200 என்பவை என் தொடக்க எண்கள். உடலிலேயே அதிர்வுத்தடுப்பு இருப்பதால் நம் கை நடுக்கம் மறையும், பறவையின் அசைவு மறையாது. ஒளியுணர்வைக் கூட்டும் ஐ.எஸ்.ஓ. எண்ணில் 3200 வரை தயக்கமின்றிச் செல்கிறேன். 6400இல் கணினியில் இரைச்சலைக் குறைக்க வேண்டியிருக்கிறது. இன்னொன்று, புதியவர்கள் பலர் கேமராவின் மேல் பழிபோடும் ஒரு மங்கல், உண்மையில் காற்றினுடையது. வெயில் ஏறிய பின் நீர்ப்பரப்பின் மேலும் வயலின் மேலும் எழும் வெம்மை தொலைவிலுள்ள உருவத்தை அலைபோல் குலைக்கிறது. எத்தனை லட்சம் கொடுத்து வாங்கிய லென்ஸாலும் அதை ஊடுருவ இயலாது. மாசி மாதக் காலையில் ஒன்பது மணிக்குப் பின் நூறு மீட்டருக்கு அப்பாலுள்ள எதையும் நான் எடுப்பதில்லை.

விளையாட்டுக்கு வருவோம். பகலில் நடக்கும் கால்பந்துக்கும் தடகளத்துக்கும் இந்தக் கேமராவும் 100-400 லென்ஸும் முற்றிலும் போதுமானவை. இரவில் மின்விளக்கில் நடக்கும் ஊர்க் கபடியில்தான் சோதனை. ஆடவர் கபடித் தளம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்டது. ஓரத்தில் அமர்ந்தால் ஆட்டக்காரர்கள் கைக்கெட்டும் தொலைவில் இருப்பார்கள். அதாவது, கிராப் சென்சாரின் முதன்மையான நன்மைக்கு இங்கே தேவையே இல்லை, அதன் குறையான ஒளிப்பற்றாக்குறை மட்டும் எஞ்சுகிறது. 100 மி.மீ.இல் எஃப்/5.6 திறப்புடைய லென்ஸைக் கொண்டுபோவதால் பயனில்லை. 1992இல் வெளிவந்த பழைய ஈ.எஃப். 85 மி.மீ. எஃப்/1.8 லென்ஸை அடாப்டருடன் பொருத்தினேன். ஏறத்தாழ பத்து மடங்கு ஒளி கிடைத்தது. ஐ.எஸ்.ஓ. 12800 கேட்ட இடத்தில் 1280 போதுமானதாயிற்று. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் ஆதலால் பல விளக்குகள் நொடிக்கு நூறு முறை ஒளி கூடிக் குறைகின்றன. ஒரு படம் மஞ்சளாகவும் அடுத்தது இருளாகவும் வருவதற்கு அதுவே காரணம். ஆன்டி ஃப்ளிக்கர் அமைப்பை இயக்கினால் ஒளி உச்சத்தில் இருக்கும் கணத்துக்காகக் காத்திருந்து ஷட்டர் திறக்கும். படங்களின் வேகம் சிறிது குறைந்தாலும் வெளிச்சம் சீராக இருக்கும். கபடியை மட்டுமே எடுப்பவர், என் கருத்தில், இந்தக் கேமராவை வாங்க வேண்டியதில்லை. பழைய ஃபுல் ஃப்ரேம் ஒன்றும் நல்ல 85 மி.மீ. லென்ஸும் அவருக்கு மேல்.

உடலமைப்பில் சொல்ல அதிகமில்லை. இரண்டு கார்டு இடங்கள் உண்டு. செங்குத்துப் பிடிக்கான பேட்டரி கிரிப் இதற்கு இல்லை. ஜாய்ஸ்டிக்கைச் சுற்றியே சுழல்வட்டை வைத்திருப்பது முதலில் விரலைக் குழப்பும், ஒரு மாதத்தில் பழகிவிடும். வ்யூஃபைண்டரில் பார்த்துக்கொண்டே இருந்தால் பேட்டரி விரைவில் தீரும் என்பதால் ஒரு நாளுக்கு இரண்டு பேட்டரிகள் கொண்டுசெல்கிறேன்.

அறிமுகமானபோது அமெரிக்காவில் இதன் விலை, லென்ஸ் இல்லாமல், 1,499 டாலர். அதே ஆண்டில் வந்த ஃபுஜிஃபில்ம் எக்ஸ்-ஹெச்2எஸ் 2,499 டாலர். அதன் சென்சார் மிக வேகமாகப் படிக்கப்படுவதால் சிறகு வளையும் சிக்கல் பெரிதும் குறைவு, ஆனால் 26 மெகாபிக்சல்தான். கைச்செலவைக் குறைக்க எண்ணுபவருக்கு 2016இல் வந்த நிக்கான் டி500 இன்றும் நல்ல தேர்வு: 20.9 மெகாபிக்சல், நொடிக்கு 10 படங்கள், ஆழமான பஃபர். உள்ளிருக்கும் முகம்பார்க்கும் கண்ணாடி திருப்பித்தரும் காட்சியைப் பார்த்து எடுக்கும் அந்தப் பழைய வகைக் கேமரா பறவையின் கண்ணைத் தானாகத் தேடித் தராது. அந்த வேலையை நம் கண்ணும் விரலும் செய்ய வேண்டும்.

லென்ஸைப் பழையதாக வாங்குபவர்கள் ஒரு சிறு டார்ச் விளக்கைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். நம் கடற்கரை மாவட்டங்களின் ஈரக்காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சை படர்வது சாதாரணம். வெளிக்கண்ணாடி பளபளப்பாக இருந்த ஒரு 400 மி.மீ. லென்ஸை நான் கடை விளக்கில் பார்த்து வாங்கிவிட்டேன். வீட்டில் பின்புறமிருந்து டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் உள்ளே சிலந்தி வலைபோல் மெல்லிய இழைகள் தெரிந்தன. திறப்பை முழுவதும் திறந்து, பின்னாலிருந்து ஒளியைச் சாய்வாகச் செலுத்தி, முன்கண்ணாடி வழியே ஒவ்வொரு அடுக்காகப் பாருங்கள். வாங்கிய பின் காற்றுப்புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் வையுங்கள். அவை நிறம் மாறியதும் சூடாக்கி மீண்டும் பயன்படுத்தலாம். ஈரப்பதம் காட்டும் சிறு மீட்டர் ஒன்றைப் பெட்டிக்குள் போட்டுவைத்திருக்கிறேன். முள் ஐம்பதைத் தாண்டினால் பொட்டலங்களை மாற்றிவிடுகிறேன்.