சிறுகதைப் பயிற்சி, கூடவே புத்தகம்: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

சிறுகதை எழுதக் கற்றுத் தருகிறோம், பயிற்சி முடிந்ததும் உங்கள் கதையைத் தொகுப்பில் சேர்த்துப் புத்தகமாகவும் போடுகிறோம் என்று வாட்ஸ்அப் குழுக்களில் விளம்பரங்கள் சுற்றுகின்றன. அப்படி ஒன்றில் 3,500 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். நடத்தியவர்களின் பெயரை இங்கே போடவில்லை. இதே முறையில் பலர் நடத்துகிறார்கள், பெயரை மாற்றிக்கொண்டு வருவதும் எளிது. அதனால் முறையைத்தான் சொல்கிறேன்.

ஜூமில் வகுப்பு, ஒவ்வொரு கதைக்கும் தனித்தனி எடிட்டிங், ஐஎஸ்பிஎன் எண்ணோடு புத்தகம், சென்னைப் புத்தகக் காட்சியில் வெளியீடு, சான்றிதழ், ஷீல்டு. இவ்வளவும் அந்தக் கட்டணத்துக்குள் என்றார்கள்.

வகுப்புகள் நடந்தன. பாதி நேரம் சிறப்பு விருந்தினரை வரவேற்பதிலேயே போகும். அப்புறம் தொடக்கம், முரண், உச்சம், முடிவு என்று ஒரு படம் திரையில் வரும். வந்தவர்களின் கதை ஒன்றை எடுத்து, ஒரு பத்தியையாவது வாசித்து, இங்கே ஏன் தொய்கிறது, இதுவரை மகளின் பார்வையில் போன கதை இந்த வரியில் மட்டும் ஏன் அப்பாவின் மனசுக்குள் புகுந்தது என்று ஒருவரும் பேசவில்லை. எழுதுகிறவருக்குத் தேவைப்படுவதே அந்தப் பேச்சுதான். முரண், உச்சம் எல்லாம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும்.

எடிட்டிங் என்று எனக்கு வந்தது இவ்வளவுதான்: "நல்ல நடை. உரையாடல்கள் இயல்பு. முடிவை இன்னும் அழுத்தமாகச் செய்யலாம். வாழ்த்துகள்." கூடப் படித்த திருச்சி அக்கா ஒருவருக்கும் வரி மாறாமல் இதேதான் வந்திருந்தது. அவருடைய கதை முழுக்க ஒரு கடிதம். அதில் உரையாடலே கிடையாது.

அச்சாகும் முன் பிழை திருத்த மெய்ப்பு அனுப்புவார்கள் என்று காத்திருந்தோம். நேராகப் புத்தகம்தான் வந்தது. யூனிகோடில் அனுப்பியதைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றியதில் கொம்பும் காலும் இடம் மாறி, பல சொற்களை ஊகித்துத்தான் படிக்க வேண்டியிருந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என் கதையில், கடனுக்காகத் தன் தறியை விற்றுவிட்ட ஒருவர், அதை வாங்கியவர் வீட்டுக்கு இரவில் போகிறார். உள்ளே தறி ஓடுகிறது. சத்தத்தை வைத்தே எங்கேயோ இழை அறுந்திருக்கிறது என்று அவருக்குத் தெரிகிறது. கதவைத் தட்டிச் சொல்லலாமா, திரும்பிப் போய்விடலாமா என்று அவர் நிற்பதுதான் கடைசிப் பத்தி. அந்தப் பத்திக்காகத்தான் கதையே எழுதினேன். புத்தகத்தில் அது இல்லை. "வாசலில் செருப்பைக் கழற்றினார்" என்ற வரியோடு பக்கம் முடிந்து, அடுத்த பக்கத்தில் வேறொருவர் கதை தொடங்குகிறது.

போன் செய்தேன். "மேடம், பத்து பாரத்துக்குள்ள அடக்கணும்னு லேஅவுட்ல கொஞ்சம் குறைச்சிருப்பாங்க. படிச்சுப் பாருங்க, இப்பவும் ஓப்பன் எண்டிங் மாதிரி நல்லாத்தான் இருக்கு" என்றார் ஒருங்கிணைப்பாளர். ஒரு பாரத்துக்கு 16 பக்கம், பத்து பாரத்துக்கு 160. அதற்குமேல் போனால் அவர்களுக்குக் காகிதச் செலவு. அதை மிச்சம் பிடிக்க ஒரு கதையின் முடிவை வெட்டியிருக்கிறார்கள், எழுதியவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

புத்தகம் வரும் நேரத்தில்தான் ஒவ்வொருவரும் 10 பிரதி வாங்கியே ஆக வேண்டும் என்றார்கள். விலை 250 ரூபாய், கழிவு கிடையாது. 32 பேர் எழுதியிருந்தோம். பிரதிக்காக மட்டும் 80,000 ரூபாய் எங்களிடமிருந்தே போயிருக்கிறது, வகுப்புக் கட்டணம் தனி. வெளியில் ஒரு பிரதியும் விற்காவிட்டாலும் அவர்களுக்கு நஷ்டமில்லை. விற்பதற்கான முயற்சி எதையும் நான் பார்க்கவுமில்லை. நந்தனம் புத்தகக் காட்சியில் ஓர் அரங்கின் முன்னால் நடைபாதையில் நின்று எல்லோரும் புத்தகத்தைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டோம். அதுதான் வெளியீடு. எந்த அரங்கிலும் அந்தப் புத்தகம் விற்பனைக்கு இல்லை.

ஐஎஸ்பிஎன் என்றதும் மயங்க வேண்டாம். இந்தியாவில் அதைத் தருவது மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழ் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை. கட்டணம் கிடையாது, தனிப்பட்ட எழுத்தாளரே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். புத்தகத்தை அடையாளம் காண உதவும் 13 இலக்க எண், அவ்வளவுதான். தரத்துக்கு அது சான்று இல்லை. அதற்கென்று தனியாகப் பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

பணத்தைவிட எனக்கு வலித்தது வேறு. கதையைச் சரிசெய்து ஒரு சிற்றிதழுக்கு அனுப்பினேன். ஆசிரியர் அக்கறையாகப் பதில் எழுதினார். முதல் இரண்டு பக்கம் இல்லாமலே கதை நிற்கும், தறி விற்ற காட்சியிலேயே தொடங்கலாம் என்றார். பயிற்சி முழுக்க எனக்குக் கிடைக்காத ஒன்றை அவர் நாலு வரியில் தந்தார். ஆனால் ஏற்கெனவே தொகுப்பில் வந்த கதையை வெளியிட முடியாது என்றும் சொல்லிவிட்டார். இதழ்களும் போட்டிகளும் வேறெங்கும் வெளிவராத கதையைத்தான் கேட்கின்றன. முடிவில்லாமல் அச்சான அந்த ஒரு வடிவம் என் நல்ல கதைக்கான வழியை அடைத்துவிட்டது.

சட்டம், கதை எழுதியவர் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. "முழு உரிமையும் பதிப்பகத்துக்கே" என்று கூகுள் படிவத்தில் ஒரு வரி வைத்திருந்தார்கள். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆவது பிரிவுப்படி, உரிமையை மாற்றித் தருவது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எந்தப் படைப்பு, எந்த உரிமை, எத்தனை ஆண்டு, எந்த நாட்டுக்குள் என்பதெல்லாம் அதில் வர வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றுதான் கொள்வார்கள். 57ஆவது பிரிவு இன்னும் முக்கியம். உரிமையை விற்றுவிட்டாலும், தன் பெயருக்குக் கேடு வரும்படி படைப்பைச் சிதைப்பதை எழுதியவர் எதிர்க்கலாம். இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் வரவில்லை, குழுவிலிருந்து மட்டும் நீக்கிவிட்டார்கள். பதிவுத் தபாலிலும் அனுப்பியிருக்கிறேன்.

அடுத்த அணிக்கு விளம்பரம் வந்துவிட்டது. சேர நினைப்பவர்கள், முந்தைய அணியில் எடிட் செய்த ஒரு பக்கத்தை, எழுதியவரின் அனுமதியோடு, திருத்தக் குறிகளுடன் காட்டச் சொல்லுங்கள். மெய்ப்பு அனுப்புவீர்களா, எத்தனை பிரதி நாங்கள் வாங்க வேண்டும் என்பதை எழுத்தில் கேளுங்கள். என்னோடு அந்தத் தொகுப்பில் எழுதியவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் கதையின் கடைசிப் பக்கத்தை மூலப்பிரதியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு எனக்குத் தெரியப்படுத்துங்கள். சேர்ந்தே கடிதம் அனுப்பலாம்.