கரண்ட் போனாலும் ஆள் இல்லாவிட்டாலும்: மீன் தொட்டிக்கு எந்த ஏற்பாடு தாங்கும்?

சென்னையில் 2016 டிசம்பர் வர்தா புயலையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தையும் பார்த்தவர்களுக்கு, கரண்ட் போனால் அரை மணி நேரத்தில் வந்துவிடும் என்ற நம்பிக்கை போயிருக்கும். வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் நாள்கணக்கில் இருட்டு. 2018 கஜாவுக்குப் பிறகு டெல்டா கிராமங்களில் அது வாரக்கணக்கு. வீட்டில் மீன் வளர்ப்பவர்கள் இந்த இரண்டு நாள், மூன்று நாள் கணக்கை வைத்துத்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். நாம் ஊரில் இல்லாதபோதும் கரண்ட் போகும் என்பதையும் அதே கணக்கில் சேர்க்க வேண்டும்.

இங்கே அளவுகோலாக எடுத்துக்கொள்வது பல வீடுகளில் இருக்கும் 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டி. விளிம்புவரை நிரப்பினால் சுமார் 55 லிட்டர். மணல், கல் போக நிற்பது 45 லிட்டர் தண்ணீர்.

முதலில் சாவது எதனால்?

கரண்ட் போனதும் ஃபில்டர் நின்றுவிட்டதே, தண்ணீர் அழுக்காகிவிடுமே என்றுதான் பலரும் பதறுவார்கள். முதல் ஆபத்து அழுக்கு இல்லை, காற்று. 25 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 8.2 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரையும். 30 டிகிரியில் 7.5தான். சூடு ஏற ஏற மீனுக்கு ஆக்ஸிஜன் அதிகம் தேவைப்படும், தண்ணீரிலோ குறைவாக இருக்கும். அதனால் மழைக்கால மின்வெட்டைவிட மே மாத மின்வெட்டு கொடுமையானது. நான்கு பெரிய கோல்டு ஃபிஷ் நெருக்கிக்கொண்டிருக்கும் தொட்டியில் இரண்டு மூன்று மணி நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கத் தொடங்கிவிடும். பத்து கப்பி மட்டும் இருக்கும் தொட்டி ஒரு ராத்திரியைத் தாண்டிவிடும். ஃபைட்டரும் கௌராமியும் காற்றை நேரடியாகச் சுவாசிப்பவை. அவற்றுக்கு இந்தப் பயம் மிகக் குறைவு. செடி நிறைந்த தொட்டியில் பகலில் செடி உதவும், இருட்டில் அதுவும் ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்ளும்.

ஆகவே எந்த பேக்கப்பை வாங்கினாலும், எத்தனை வாட் தருகிறது என்பதைவிட நீர்ப்பரப்பை எத்தனை மணி நேரம் கலக்கிவிடும் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இன்வெர்ட்டரா, பவர் பேங்க்கா?

வீட்டு இன்வெர்ட்டர்தான் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வரும். 12 வோல்ட், 150 ஏஎச் பேட்டரி என்றால் ஏட்டில் 1,800 வாட்-மணி. நடைமுறையில் 1,000 கிடைத்தால் நல்லது. இரண்டு ஃபேனும் நாலு லைட்டும் சேர்ந்தால் 190 வாட். ஐந்து மணி நேரத்தில் பேட்டரி காலி, அதோடு தொட்டியும் நின்றுவிடும். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு 4 வாட் ஏர் பம்ப்பை மட்டும் ஓடவிட்டாலும் 250 மணி நேரம் வராது. 12 வோல்ட்டை 230 ஆக மாற்றுவதற்கு இன்வெர்ட்டர் தனக்கென்றே மாடலைப் பொறுத்து 10 முதல் 25 வாட் வரை எடுத்துக்கொள்ளும். ஒன்றரை நாள், மிஞ்சினால் மூன்று நாள் என்று வைத்துக்கொள்ளலாம். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஏர் பம்ப்பும் பவர்ஹெட்டும் (தண்ணீருக்குள் ஓடும் மோட்டார்) உறுமும், சூடாகும். சைன் வேவ்தான் சரி. 100 வாட் ஹீட்டரை இன்வெர்ட்டர் லைனில் சேர்க்கவே கூடாது. சமவெளி வீடுகளில் ஒரு நாள் ஹீட்டர் இல்லாவிட்டால் மீன் தாங்கும்.

பவர் பேங்க்கைப் பாருங்கள். 10,000 எம்ஏஎச் என்று எழுதியிருக்கும் சின்னப் பெட்டிக்குள் 37 வாட்-மணி இருக்கிறது. யூஎஸ்பி வழியாக 5 வோல்ட்டில் 30 அளவு வெளியே வரும். யூஎஸ்பி ஏர் பம்ப் 1 வாட்தான் எடுக்கும். 230 வோல்ட்டுக்கு மாற்றும் வேலையே இல்லாததால் வீணாவது குறைவு: ஒரு முழு நாள் ஓடும். 20,000 என்றால் இரண்டு நாள். கைக்குள் அடங்கும் பெட்டி, ஒரு ஆள் தூக்க முடியாத பேட்டரியோடு சரிக்குச் சரி நிற்கிறது. விலையை நினைத்தால் இதற்கே என் ஓட்டு.

ஆனால் இரண்டு சிக்கல்கள். மின்னோட்டம் மிகக் குறைவாக இருந்தால் ஃபோன் சார்ஜ் முடிந்துவிட்டது என்று எண்ணிப் பல பவர் பேங்க்குகள் தானே அணைந்துவிடும். 200 மில்லி ஆம்பியர் இழுக்கும் பம்ப் என்றால் பெரும்பாலும் தப்பும். அதற்கும் குட்டியான பம்ப் என்றால் பத்து நிமிடத்தில் நின்றுபோகலாம். வாங்கிய அன்றே மாட்டி இரண்டு மணி நேரம் ஓடவிட்டுப் பார்ப்பதுதான் ஒரே சோதனை. இரண்டாவது, கரண்ட் போன நேரத்தில் யாராவது இருந்து மாட்டிவிட வேண்டும். வீட்டில் ஆள் இல்லையென்றால் பவர் பேங்க் அலமாரியிலேயே கிடக்கும்.

டார்ச்சில் போடும் பெரிய டி சைஸ் செல்லில் ஓடும் பம்ப்புக்கும் இதே குறை உண்டு. ஆல்கலைன் செல் போட்டால் ஒரு நாளுக்கு மேல் ஓடும். மலிவான ஜிங்க்-கார்பன் செல் அதில் பாதிகூட வராது. செல்லைப் பம்ப்புக்குள்ளேயே மாதக்கணக்கில் விட்டால் கசிந்து தகட்டை அரித்துவிடும். தனியாக, உறை பிரிக்காமல் பக்கத்தில் வையுங்கள். சார்ஜ் ஏற்ற வழியில்லாத நாலாவது நாளிலும் தெருமுனைக் கடையில் செல் கிடைக்கும் என்பது இதன் பெரிய பலம். கஜா மாதிரிச் சூழலில் வேறெதுவும் இதற்கு ஈடாகாது.

கம்ப்யூட்டர் யூபிஎஸ் பார்க்கப் பொருத்தமாகத் தெரியும், பொருந்தாது. 600 விஏ யூபிஎஸ்ஸுக்குள் இருப்பது 12 வோல்ட், 7 ஏஎச், அதாவது 84 வாட்-மணி. அதில் பெரும்பங்கை யூபிஎஸ்ஸே தின்றுவிடுவதால் ஏர் பம்ப்புக்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

மீன் கடைகளில் ஏசி-டிசி பம்ப் என்று கேட்டால் கிடைப்பது, உள்ளேயே பேட்டரி உள்ள ஏர் பம்ப். எப்போதும் பிளக்கில் மாட்டியிருக்கும். கரண்ட் போன நொடியில் தானாக ஓடத் தொடங்கும். ஆள் இல்லாத வீட்டுக்கு இதுதான் சரி. பேட்டரி வருடா வருடம் தேயும். பெட்டியில் எழுதியிருக்கும் நேரத்தை நம்ப வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிளக்கைப் பிடுங்கி, எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று பார்த்து, பம்ப்பின் மேலேயே ஒரு ஸ்டிக்கரில் தேதியோடு எழுதி ஒட்டுங்கள். வாங்கியபோது ஓடியதில் பாதிக்கு வந்துவிட்டால் பேட்டரியை மாற்றுங்கள். முன்பு சொன்ன யூஎஸ்பி பம்ப்பை, வைஃபை ரௌட்டருக்காக விற்கும் மினி யூபிஎஸ்ஸில் 5 வோல்ட் யூஎஸ்பி துளை உள்ளதாகப் பார்த்து மாட்டினாலும் இதே வேலை நடக்கும்.

எந்தப் பம்ப்பாக இருந்தாலும் டியூபில் நான்-ரிட்டர்ன் வால்வு கட்டாயம். பம்ப் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்து நின்றுபோனால், தண்ணீர் டியூப் வழியாக இறங்கிப் பம்ப்புக்குள்ளும் அங்கிருந்து தரைக்கும் வரும். வால்வை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள். காற்று போகும் பக்கம் தொட்டியைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பி மாட்டினால் குமிழியே வராது. எல்லா ஒயரும் பிளக்கை விடத் தாழ்வாக ஒரு வளைவு தொங்கிப் பிறகு மேலேறட்டும். ஒயரில் வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குப் போகாது.

ஃபில்டரில் எது தாங்கும்?

ஸ்பாஞ்ச் ஃபில்டருக்கும் தொட்டிக்கு வெளியே வைக்கும் கேனிஸ்டர் ஃபில்டருக்கும் சாதாரண நாளில் கேனிஸ்டர்தான் ஜெயிக்கும். கரண்ட் இல்லாத நாளில் தலைகீழ். ஸ்பாஞ்ச் காற்றால் ஓடுவது. மேலே சொன்ன 1 வாட் பம்ப்பே காற்றும் தரும், மீன் கழிவின் விஷத்தை முறிக்க ஸ்பாஞ்சில் குடியிருக்கும் பாக்டீரியாவையும் காப்பாற்றும். ஒரே செலவில் இரண்டு வேலை.

கேனிஸ்டர் மூடிய பெட்டி. ஓட்டம் நின்றால் உள்ளே இருக்கும் பாக்டீரியா மிச்ச ஆக்ஸிஜனைச் சில மணி நேரத்தில் தீர்த்துவிட்டுச் சாகத் தொடங்கும். கரண்ட் வந்ததும் சுவிட்சைப் போட்டால் அந்த அழுகிய தண்ணீர் மொத்தமும் தொட்டிக்குள் பாயும். மின்வெட்டைத் தாண்டிய மீன்கள் கரண்ட் வந்த பிறகு சாவது இதனால்தான். நாலு மணி நேரம் தாண்டிவிட்டால் கேனிஸ்டரைத் திறந்து, உள்ளிருக்கும் தண்ணீரைக் கொட்டி, செராமிக் ரிங்குகளை ஒரு வலைப்பையில் போட்டு, தொட்டிக்குள்ளேயே ஏர் ஸ்டோன் பக்கத்தில் தொங்கவிடுங்கள். குழாய்த் தண்ணீரில் கழுவ வேண்டாம், குளோரின் மிச்சத்தையும் கொன்றுவிடும். தொட்டியின் விளிம்பில் தொங்கும் ஃபில்டருக்கு வேறு பிரச்சினை: உள்ளே தண்ணீர் வடிந்துபோனால் கரண்ட் வந்ததும் மோட்டார் வறண்டு ஓடிக் கருகும். கேனிஸ்டர் வைத்திருப்பவர்கள் மூலையில் ஒரு சின்ன ஸ்பாஞ்சையும் எப்போதும் ஓடவிட்டு வையுங்கள். அவசரத்துக்கு அது பழகிய ஃபில்டராக இருக்கும்.

ஆக்ஸிஜன் மாத்திரையா, கைக்குவளையா?

ஆக்ஸிஜன் மாத்திரை என்று விற்பது பெரும்பாலும் சோடியம் பெர்கார்பனேட். தண்ணீரில் விழுந்ததும் ஹைட்ரஜன் பெராக்சைடாகப் பிரிந்து ஆக்ஸிஜன் தரும். கூடவே சோடியம் கார்பனேட்டும் வந்து பிஎச்சை ஏற்றும். ஃபில்டர் நின்ற தொட்டியில் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா ஏறிக்கொண்டிருக்கும் நேரம் அது. பிஎச் ஏற ஏற அம்மோனியாவின் விஷம் கூடும். ஏக்கர் கணக்கில் பரந்த குளத்துக்குச் செய்ததை 45 லிட்டரில் செய்தால் அளவு தப்புவது சுலபம். மெடிக்கலில் ஹைட்ரஜன் பெராக்சைடு வாங்கி ஊற்றுவதும் அப்படித்தான். நம் ஊர்ப் பாட்டிலில் இருப்பது 6 சதவீதம்; இணையத்தில் கிடைக்கும் அளவுகள் பெரும்பாலும் 3 சதவீதத்துக்கானவை. இரண்டையும் தவிர்த்துவிடுங்கள்.

ஒரு லிட்டர் குவளையே போதும். தொட்டித் தண்ணீரை மொண்டு, ஒரு அடி உயரத்திலிருந்து மெல்ல ஊற்றுங்கள். ஐந்து நிமிடம், மணிக்கு ஒருமுறை. நெருக்கமான தொட்டியில் அரை மணிக்கு ஒருமுறை. கை வலிக்கும், ராத்திரி முழுக்கச் செய்ய முடியாது. பேட்டரி பம்ப் தேடிக் கிளம்பும்வரை தாக்குப்பிடிக்க இது உதவும். அன்று தீனி கிடையாது: செரிக்கும் மீனுக்கு ஆக்ஸிஜன் கூடுதலாகத் தேவை, கழிவும் கூடும்.

தண்ணீர் மாற்றலாமே என்றால், அடுக்குமாடியில் கரண்ட் இல்லையென்றால் மோட்டார் இல்லை, குழாயில் தண்ணீரும் இல்லை. புயல் எச்சரிக்கை வந்த அன்றே இரண்டு 20 லிட்டர் கேன்களைப் பிடித்து, ஆன்டி குளோரின் விட்டு மூடி வையுங்கள். மூன்றாம் நாள் 10 லிட்டர் மாற்ற முடிவது பெரிய விஷயம். வெள்ளம் புகக்கூடிய தரைத்தளமென்றால் பம்ப்பையும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் தொட்டிக்கு மேலே ஆணியில் மாட்டுங்கள்.

ஊருக்குப் போகும்போது: தீனியா, பட்டினியா?

நன்றாக வளர்ந்த, ஆரோக்கியமான மீன் ஒரு வாரம் பட்டினி தாங்கும்; பெரும்பாலான வகைகளுக்கு பத்து நாள்கூடச் சிக்கலில்லை. குஞ்சுகளுக்கு மட்டும் இது பொருந்தாது. பொங்கலுக்கு நாலு நாள் ஊருக்குப் போகிறவர்கள் எந்தக் கருவியும் வாங்க வேண்டாம். போகுமுன் இரண்டு கை அதிகமாகப் போட்டுவிட்டுப் போவதுதான் உண்மையான ஆபத்து.

ஹாலிடே ஃபுட் என்று வரும் வெள்ளைக் கட்டிகளில் பெரும்பாலும் ஜிப்சம். நடுவில் கொஞ்சம் தீனி. கரையும்போது தண்ணீரின் கடினத்தன்மை கூடும், மீன் தொடாத தீனி அடியில் அழுகும். சின்னத் தொட்டிக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பத்து நாளைத் தாண்டினால் ஆட்டோ ஃபீடர் நல்லது, நிபந்தனையோடு. குமிழி தெறிக்கும் இடத்துக்கு நேர் மேலே வைத்தால் ஈரம் ஏறித் தீனி கட்டியாகும். ஒன்று எதுவும் விழாது, அல்லது மொத்தமாக விழும். ஃப்ளேக்ஸ் வேண்டாம், சின்ன உருண்டைத் தீனி போடுங்கள். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே மாட்டி, முதலில் ஒரு வெள்ளைத் தாளில் விழவைத்து அளவைப் பாருங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள், வழக்கத்தில் பாதி அளவு போதும்.

புது மீனை விட்டு மூன்று வாரமாவது ஆகியிருக்க வேண்டும். வெள்ளைப்புள்ளி நோய் நாம் இல்லாத வாரத்தில்தான் வெளியே தெரியும். கிளம்பும் அன்று தண்ணீர் மாற்ற வேண்டாம். இரண்டு மூன்று நாள் முன்பே கால்வாசி மாற்றிவிட்டால், ஏதாவது தப்பினாலும் சரிசெய்ய நேரமிருக்கும். இந்த அளவுத் தொட்டியில் நீர்மட்டம் 1 மில்லிமீட்டர் இறங்கினால் 180 மில்லி ஆவியாகிறது என்று பொருள். உங்கள் வீட்டில் ஒரு வாரத்தில் எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று கண்ணாடியில் மார்க்கரால் குறித்துப் பாருங்கள். ஃபில்டரின் வாய் வெளியே தெரியுமா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

பக்கத்து வீட்டுச் சாவி ஏற்பாடு இவை எல்லாவற்றையும்விட மேல், தீனி டப்பாவை மறைத்து வைத்தால். மீன் கண்ணாடியில் முட்டினால் பாவமென்று அள்ளிப் போட்டுவிடுவார்கள். ஏழு கட்ட மாத்திரை டப்பாவில் அந்தந்த நாளுக்கானதை மட்டும் அளந்து வையுங்கள். பவர் பேங்க்கும் யூஎஸ்பி பம்ப்பும் தொட்டியின் மேலேயே இருக்கட்டும். கண்ணாடியில் இப்படி ஒரு தாளை ஒட்டுங்கள்:

“அக்கா, செவ்வாய், வெள்ளி ரெண்டு நாள் மட்டும் டப்பாவுல இருக்கிறதப் போடுங்க. மத்த நாள் எதுவும் வேண்டாம். மீன் எல்லாம் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடினா அது பசி இல்ல, காத்து பத்தல. தீனி போட்டுடாதீங்க. வெள்ளை பம்ப்போட ஒயர பவர் பேங்க்ல சொருகி, குமிழி வருதான்னு பாத்துட்டு எனக்கு ஒரு ஃபோன் பண்ணுங்க. செத்த மீன் இருந்தா பக்கத்துல இருக்கிற வலையால எடுத்துடுங்க.”