“70 வாங்கித் தருகிறேன்” என்று வீடு தேடி வரும் கிரேடிங் ஏஜென்ட்: மலையில் இருப்பவர்கள் கவனத்துக்கு

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் ஒருவர் வீடு வீடாக வந்து ப்ரூஃப் காயின் (சேகரிப்பவர்களுக்காகக் கண்ணாடி போன்ற பளபளப்போடு தனியாக அடிப்பது) இருக்கிறதா என்று கேட்கிறார். “அமெரிக்காவுக்கு அனுப்பி கிரேடிங் வாங்கித் தரேன், 70 வந்தா பத்து மடங்கு விலை” என்பது அவர் பேச்சு. கிரேடிங் என்றால் காயினின் தரத்துக்கு 1 முதல் 70 வரை ஓர் எண் போட்டு, பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தருவது. காயினையும் கொடுக்காதீர்கள், அட்வான்ஸும் கொடுக்காதீர்கள்.

கோத்தகிரியில் எஸ்டேட் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் நூறு ரூபாய் வெள்ளி ப்ரூஃப் காயின்கள் ஐந்தைக் கொடுத்தார். காயினுக்கு 4,500 வீதம் 22,500 ரூபாய் ஜிபேயில் போயிற்று. ரசீது இல்லை. ஏழு மாதம் கழித்து நான்கு திரும்பி வந்தன, எல்லாமே கெட்டி பிளாஸ்டிக் உறையில், எல்லாவற்றிலும் 70. ஐந்தாவது “கஸ்டம்ஸில் நிற்கிறது” என்பதோடு சரி. கொடுத்த காயின்களில் ஒன்றில் அசோகச் சிங்கத்துக்கு இடப்பக்கம் கடுகளவு சிவந்த புள்ளி இருந்தது. திரும்பி வந்த நான்கிலும் அது இல்லை. இன்னொன்றை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தால் கண்ணாடிப் பரப்பு முழுக்க ஒரே திசையில் மெல்லிய கீறல்கள். அனுப்பும் முன் யாரோ துணியால் துடைத்திருக்கிறார்கள்.

70 என்றால் 5 மடங்கு பெரிதாக்கிப் பார்த்தாலும் காயினை அச்சில் அடித்த பிறகு ஏற்பட்ட குறை ஒன்றும் தெரியக் கூடாது. வெறும் கண்ணுக்கே கீறல் தெரிகிற காயினுக்கு 70 போட்ட நிறுவனத்தை எந்தப் பெரிய டீலரும் மதிக்க மாட்டார். உலகச் சந்தையில் விலை பேசுவது பெரும்பாலும் பிசிஜிஎஸ், என்ஜிசி என்ற இரண்டு அமெரிக்க கிரேடிங் நிறுவனங்களின் உறைக்குத்தான். மற்ற உறையில் எந்த எண் இருந்தாலும் வாங்குபவர் உள்ளே இருக்கும் காயினைத்தான் பார்ப்பார். பெரியவருக்குக் கொடுத்த உறையின் சான்றிதழ் எண்ணைச் சரிபார்க்கும் பக்கமும் அந்த ஏஜென்ட்டின் சொந்த வலைத்தளத்திலேயே இருந்தது! எண்ணை எப்போதும் பிசிஜிஎஸ் அல்லது என்ஜிசியின் சொந்தத் தளத்தில் நீங்களே தட்டிப் பாருங்கள். உண்மையான எண்ணைக் காப்பியடித்த போலி உறைகளும் சுற்றுகின்றன. அந்தத் தளத்தில் காயினின் படம் வந்தால் கையில் இருக்கும் காயினோடு புள்ளி புள்ளியாக ஒப்பிட வேண்டும்.

சரி, ஆள் நேர்மையானவர், உறையும் அசல் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் இன்றைய ப்ரூஃபுக்கு இந்தச் செலவு பெரும்பாலும் கட்டுப்படியாகாது. பாலிஷ் செய்த அச்சில், ஒரு முறைக்கு மேல் அடித்து, நேராகக் கேப்ஸ்யூலில் (வட்டப் பிளாஸ்டிக் மூடியில்) போட்டு வரும் காயின் இது. அதனால் நன்றாக இருக்கும் காயின்கள் பெரும்பாலும் 69-இல் வந்து நிற்கும். கட்டணம் மட்டும் காயினுக்கு 20 டாலருக்கு மேல். அதோடு விண்ணப்பப் படிவத்துக்கு ஒரு கட்டணம், இன்ஷூரன்ஸோடு திரும்பி வரும் தபால், சுங்கம். 6,000 ரூபாய்க்கு வாங்கிய காயின் 69 உறையோடு வந்தாலும் உள்ளூரில் அதே 6,000-க்குத்தான் போகும். லாபம் 70-இல்தான், அதையும் முன்கூட்டியே யாராலும் உறுதி சொல்ல முடியாது. “இந்தக் காயினுக்கு 70 உலகத்திலேயே மூன்றுதான்” என்று, எந்தக் காயினில் எத்தனைக்கு எந்த எண் கிடைத்தது என்ற நிறுவனத்தின் பட்டியலைக் காட்டினால் மயங்க வேண்டாம். நம் காயின்களை அனுப்புபவர்கள் குறைவு, அதனால்தான் பட்டியலில் எண்ணிக்கை குறைவு.

அனுப்பத் தகுந்தவையும் இருக்கின்றன. 1950-களின் பம்பாய் ப்ரூஃப், நூறு வருடம் ஆகாத பிரிட்டிஷ் காலத்து ப்ரூஃப் போன்றவை. அங்கே அசலா, பிற்பாடு நாணயச்சாலையே (மின்ட்) மறுபடி அடித்த ரீஸ்ட்ரைக்கா என்ற கேள்வியில் பெரிய தொகை நிற்கிறது, உறை அதற்குப் பதில் சொல்லும்.

வீட்டிலேயே முதலில் இதைப் பாருங்கள். மற்ற விளக்கையெல்லாம் அணைத்து ஒரே ஒரு பல்பின் கீழ், 5 மடங்கு லென்ஸோடு, காயினை மெதுவாகச் சாய்த்துச் சுற்றுங்கள். கீறல், விரல் ரேகை, பால் போன்ற வெள்ளைத் திட்டு, செம்புப் புள்ளி, விளிம்பில் இடித்த தடம், இதில் எது இருந்தாலும் 70 கனவை விடுங்கள். பழைய கலப்பு நூறு ரூபாய் வெள்ளிக் காயின் 44 மில்லிமீட்டர், 35 கிராம்: வெள்ளி பாதி, செம்பு 40 சதவீதம், நிக்கலும் துத்தநாகமும் ஐந்தைந்து. இத்தனை செம்பு இருப்பதால்தான் அது சீக்கிரம் புள்ளி விடுகிறது. மும்பை ப்ரூஃபில் 1996 முதல் எம் என்ற எழுத்து இருக்கும், அதற்கு முந்தைய சில பத்தாண்டுகளில் பி. வைரக் குறி (மும்பை மின்ட்டின் சாதாரணக் காயின் அடையாளம்) இருக்கும் இக்காலக் காயினைப் ப்ரூஃப் என்று விற்பவரிடம் பேச்சே வேண்டாம்.

திருநீறு, பல்பொடி, சமையல் சோடா எதுவும் தொடக்கூடாது. பூஜைப் பாத்திரத்துக்குச் சரி. ப்ரூஃபின் கண்ணாடிப் பரப்பு ஒரு தேய்ப்பில் போய்விடும். பிறகு அசல் நிறுவனம் எண்ணே தராமல் “க்ளீன்டு” (துடைத்தது) என்று போட்டு அனுப்பும், கட்டணமும் திரும்பாது.

நம் ஊரில் காயினைக் கெடுப்பது மூடுபனி மட்டுமில்லை, பீரோவும்தான். கம்பளியில் கந்தகம் இருக்கிறது. ஸ்வெட்டர், சால்வை அடுக்கிய தட்டில் வெள்ளிக் காயினை வைத்தால் கறுக்கும். ரப்பர் பேண்டும் அப்படியே. எஃகு டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு, துணியிலிருந்து தள்ளி வையுங்கள், மழைக்காலத்தில் பையை மாற்றுங்கள். குளிர்ந்த காயினோடு மேட்டுப்பாளையம் இறங்கியவுடன் கேப்ஸ்யூலைத் திறக்காதீர்கள், ஈரக் காற்று பட்டு அதன் மேல் பனித்துவிடும். பெட்டிக்குள்ளேயே ஓரிரண்டு மணி நேரம் சூடு ஏறட்டும்.

எப்படியும் யாரிடமாவது கொடுக்கத்தான் போகிறீர்கள் என்றால், இரண்டு பக்கமும் விளிம்பும் நெருக்கமாகப் படமெடுத்து, எடை குறித்து, எந்த நிறுவனம், எந்தச் சேவை, எத்தனை காயின், எத்தனை ரூபாய் என்று கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள். பல கூரியர்கள் நாணயமே எடுப்பதில்லை. “சாவிக்கொத்து” என்று போட்டு அனுப்பினால் தொலைந்தபின் இன்ஷூரன்ஸ் ஒரு பைசா தராது.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால் உறையை உடைக்காதீர்கள், சாட்சி அதுதான். வாட்ஸ்அப் உரையாடல், ஜிபே விவரம் இரண்டையும் எடுத்து வைத்துக்கொண்டு சைபர் மோசடி உதவி எண் 1930-க்குச் சொல்லுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரை மனுவுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.