கணினி அறிவியல் முதுநிலை: அமெரிக்காவா, ஜெர்மனியா?

வெளிநாட்டில் கணினி அறிவியல் படிக்க நினைப்பவர்கள் முதலில் திறப்பது தரவரிசைப் பட்டியலைத்தான். என்னைக் கேட்டால் அதைக் கடைசியில் பார்த்தால் போதும். க்யூஎஸ் என்ற உலகத் தரவரிசைப் பட்டியலில் பெரும்பங்கு நற்பெயருக்கே போகிறது. சிஎஸ்ரேங்கிங்ஸ் தளம் பரவாயில்லை, முக்கிய மாநாடுகளில் பேராசிரியர்கள் வெளியிட்ட கட்டுரைகளை உட்பிரிவு வாரியாக எண்ணிக் காட்டுகிறது. ஆனால் பாடம் எப்படி நடக்கிறது என்பது இரண்டிலும் தெரியாது.

அமெரிக்காவும் ஜெர்மனியும் பிரிவது அங்கேதான். அமெரிக்காவில் அடுத்தடுத்து அசைன்மென்ட், நடுவில் மிட்டெர்ம், கடைசியில் ப்ராஜெக்ட் என்று மதிப்பெண் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். பின்தங்கினால் சில வாரங்களிலேயே தெரிந்துவிடும். ஜெர்மனியில் பல பாடங்களுக்குப் பருவ இறுதியில் ஒரே ஒரு தேர்வுதான். அதுவரை யாரும் உங்களை விரட்ட மாட்டார்கள். அந்தத் தேர்வை எழுதுவதற்கும் வரம்பு உண்டு, பல இடங்களில் மூன்று முறைதான். கட்டாயப் பாடத்தில் மூன்றாவது முறையும் தவறினால் படிப்பையே விட வேண்டிவரும். அதே படிப்பை வேறொரு ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் தொடர்வதும் கடினம். தானாக உட்கார்ந்து படிக்கும் பழக்கம் இல்லாதவர், கட்டணம் இல்லை என்பதற்காக மட்டும் ஜெர்மனியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

சேர்க்கையிலும் இந்த வேறுபாடு தெரியும். அமெரிக்கா, ஏன் இந்தப் படிப்பு என்று நீங்கள் எழுதும் நோக்கக் கட்டுரையையும் பரிந்துரைக் கடிதங்களையும் கவனித்துப் படிக்கும். ஜெர்மனி இளநிலைப் பாடத்திட்டத்தை எடுத்து, கணிதம் எத்தனை கிரெடிட், கோட்பாட்டுக் கணினியியல் எத்தனை கிரெடிட் என்று கணக்குப் பார்க்கும். குறைந்தால் நல்ல மதிப்பெண் இருந்தும் நிராகரிப்புதான். விண்ணப்பிக்கும் முன் அந்தப் படிப்பின் பாடக் கையேட்டை இறக்கிப் பாருங்கள். அங்கே ஒரு கிரெடிட் என்றால் பொதுவாக 30 மணி நேர உழைப்பு. ஆறு கிரெடிட் பாடம் 180 மணி நேரம் கேட்கிறது. முதுநிலைக்கு 120 கிரெடிட்.

பணம் என்று வந்தால் ஜெர்மனிதான், பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் விதிவிலக்குகள் கூடிக்கொண்டே போகின்றன. பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் 2017 முதல் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து கட்டணம் கொண்டுவந்தது, முதுநிலைக்குப் பருவத்துக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை. விசாவுக்காக முடக்கக் கணக்கில், அதாவது மாதாமாதம் கொஞ்சம்தான் எடுக்க முடிகிற வங்கிக் கணக்கில், ஓராண்டுச் செலவுக்குப் போட வேண்டிய தொகை 2024 செப்டம்பரில் 11,904 யூரோவானது. இவ்வளவையும் கூட்டினாலும் அமெரிக்காவின் முன்னணித் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றின் கட்டணத்துக்குப் பக்கத்தில் வராது.

அமெரிக்காவுக்குக் கடன் வாங்கிப் போகிறவர்கள் படிப்புக்குப் பிந்தைய கணக்கையும் போட வேண்டும். படித்து முடித்தவர்கள் வேலை செய்ய மாணவர் விசாவிலேயே கிடைக்கும் அனுமதியான ஓபிடி 12 மாதம், அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளுக்கான ஸ்டெம் நீட்டிப்பு 24 மாதம், ஆக மூன்று ஆண்டு வேலை செய்யலாம். அதற்குமேல் ஹெச்-1பி வேலை விசா தேவை. ஆண்டு ஒதுக்கீடு 85,000, கேட்பவர்களோ அதைவிட மிக அதிகம். அதனால் அந்த மூன்று ஆண்டுச் சம்பளத்திலேயே கடன் அடையும் என்றால் மட்டும் துணியுங்கள். ஜெர்மனியில் வேலை தேட 18 மாதம் கிடைக்கும். ஆனால் ஆங்கிலத்திலேயே படித்து முடித்துவிட்டு, ஜெர்மன் தெரியாமல் தேடினால் வாய்ப்பு பெரிதும் சுருங்கிவிடும்.

பிரிட்டனின் ஓராண்டு முதுநிலையை நான் பெரிதாகப் பரிந்துரைக்க மாட்டேன். செப்டம்பரில் சேர்ந்து ஊர் பழகுவதற்குள் வேலை தேடத் தொடங்க வேண்டியிருக்கும். சுவிட்சர்லாந்தில் சூரிச்சின் இடிஹெச் பல்கலைக்கழகம் வேறு விஷயம். 2025இல் வெளிநாட்டவர் கட்டணத்தை மூன்று மடங்காக்கிய பிறகும் பருவத்துக்கு 2,190 சுவிஸ் ஃபிராங்க்தான். அங்கே செலவு வைப்பது வாடகையும் சாப்பாடும்.

ஆராய்ச்சிதான் ஆசை என்றால் முதுநிலையையே தாண்டிவிடலாம். அமெரிக்காவில் இளநிலை முடித்ததும் நேரடியாக முனைவர் படிப்புக்கு விண்ணப்பிக்க முடியும். நல்ல துறைகளில் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து மாத உதவித்தொகையும் தருகிறார்கள். ஜெர்மனியில் பெரும்பாலும் முதுநிலை முடித்திருக்க வேண்டும். இந்த வழியில் போகிறவர்கள் பல்கலைக்கழகத்தைவிட வழிகாட்டும் பேராசிரியரைத்தான் ஆராய வேண்டும். அவருடைய தற்போதைய மாணவர்கள் இரண்டு பேருக்காவது எழுதி, அவர் எத்தனை நாளுக்கு ஒருமுறை சந்திக்கிறார், முந்தைய மாணவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள் என்று கேட்டுவிட்டு விண்ணப்பியுங்கள்.