திருச்சி – கிளாம்பாக்கம் அரசுப் பஸ்: சர்க்கரைக்காரரைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

சென்னைக்கு வெளியே, கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஊரப்பாக்கத்தில் அக்கா புது வீட்டுக்குக் குடிபோய் நாலு மாதம் ஆகிறது. அப்பாவுக்கு அதைப் பார்த்துவிட வேண்டும். பல்லவன் ரயிலில் இடம் கிடைக்கவில்லை. ராத்திரி ஓடும் ஏசி பஸ்ஸில் மேல் படுக்கைதான் மிச்சம் இருந்தது. 74 வயதில் அவரால் ஏற முடியாது. சரி, பகலில் அரசுப் பஸ்ஸிலேயே போய்விடலாம் என்று திருச்சி பஞ்சப்பூர் பஸ் ஸ்டாண்டில் காலை ஆறரைக்கு ஏறினோம்.

அப்பாவுக்கு இருபது வருடமாகச் சர்க்கரை. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை சிறுநீர் கழித்தாக வேண்டும். பயணமோ ஏறக்குறைய 300 கிலோமீட்டர், பஸ்ஸில் கழிப்பறை கிடையாது. இப்படி ஒருவரை வீட்டில் வைத்திருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கட்டணம் இரண்டு பேருக்கும் சேர்த்து ஐந்நூற்றுச் சொச்சம். எக்ஸ்பிரஸுக்கு 2018 ஜனவரியில் ஏற்றி, அந்த மாதமே கொஞ்சம் குறைத்த கணக்கு: அடிப்படைக் கட்டணம் கிலோமீட்டருக்கு 75 காசு.

காலையில் வடக்கே போகும்போது வெயில் வலது பக்கம் அடிக்கும். அதனால் இடது பக்கம் இருவர் சீட்டைப் பிடியுங்கள். பின் சக்கரத்துக்கு மேலே மட்டும் வேண்டாம், இடுப்பு போய்விடும். இடது பக்கம் உட்கார்ந்தால் இன்னொன்றும் கிடைக்கும். கொள்ளிடம் பாலத்தில் ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் தெரிந்ததும் அப்பா செருப்பிலிருந்து காலை எடுத்துவிட்டுக் கும்பிட்டார். 1987 கும்பாபிஷேகத்துக்குப் போய்க் கூட்டத்தில் துண்டைத் தொலைத்த கதையைப் பாடாலூர் வரைக்கும் சொன்னார்.

கண்டக்டரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். டிக்கெட் வாங்கும்போதே விஷயத்தைச் சொன்னேன். "கூச்சப்படாம சொல்லுங்கண்ணே, ஐயாவ அடக்கிட்டு உக்கார விடாதீங்க" என்றார். சொன்னதோடு நிற்கவில்லை. பெரம்பலூர் நாலு ரோட்டில் ஆள் இறங்கும்போது அவரே வந்து, "ஐயா, இங்க போயிட்டு வந்துடுறீங்களா?" என்று கேட்டார். வேப்பூர் பக்கம் ஒரு பெட்ரோல் பங்கில் விசில் கொடுத்து வண்டியை ஓரம்கட்டச் சொன்னார். கீழ்ப்படி ரொம்ப உயரம். டிக்கெட் மிஷினை அக்குளில் இடுக்கிக்கொண்டு, தான் முதலில் இறங்கி நின்று, அப்பாவின் முழங்கையைப் பிடித்து இறக்கினார். பின்னாலேயே இரண்டு பெண்களும் இறங்கினார்கள். அவர்களும் அதுவரை வாய்விட்டுக் கேட்க முடியாமல்தான் உட்கார்ந்திருந்திருக்கிறார்கள்.

வயிறு எரிந்தது மோட்டலில்தான். விழுப்புரத்துக்கு முன்னால் ஒன்றில் நிறுத்தினார்கள். சிறுநீர் கழிக்கப் பத்து ரூபாய். உள்ளே தரையெல்லாம் தண்ணீர், பிடித்துக்கொள்ள ஒரு கம்பி இல்லை. நான் வேட்டியைத் தூக்கிப் பிடிக்க, அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். வயதானவர்கள் தினமும் வந்து இறங்குகிற இடம், காசும் வாங்குகிறார்கள். ஒரு கம்பி அடித்து வைக்கக் கூடாதா? அங்கே சாப்பாட்டு விலையும் அதிகம். வீட்டிலிருந்து இட்லியில் பொடி தடவி எடுத்துப் போனோம், வேளைக்குச் சாப்பிட்டு மாத்திரை போட முடிந்தது. நீங்களும் கட்டிக்கொண்டு போங்கள்.

சீட் சாயாது. உயரமானவர்களுக்கு முட்டி இடிக்கும். இரண்டு இடத்தில் கூடுதலாக நின்றும் பன்னிரண்டே முக்காலுக்குக் கிளாம்பாக்கம் வந்துவிட்டோம். அங்கே இறங்கிய இடத்திலிருந்து வாசல் வரை நடை அதிகம். பேட்டரி வண்டி வந்தது, அப்பாவை ஏற்றிவிட்டேன். ஊரப்பாக்கம், வண்டலூர், தாம்பரம் போகிறவர்களுக்கு இந்த பஸ் ரொம்ப வசதி. அதைத் தாண்டிச் சென்னைக்குள் போக வேண்டுமென்றால் இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும், வயதானவர்களுக்கு அது அலைச்சல்.

வியாழக்கிழமை காலை இதே மாதிரி பஸ்ஸில்தான் திரும்புகிறோம். தெற்கே போகும்போது வெயில் இடது பக்கம் வரும். வலது பக்கம் மூவர் சீட்டில் நடைபாதை ஓரம் அப்பாவுக்கு, எழுந்து போக வசதியாக.