பாடசாலை விளையாட்டு வர்ணனைக்கு ஷூர் எஸ்எம்58: சத்தம் சுத்தம், ஆனால் ஒரு கை போச்சு

இல்ல விளையாட்டுப் போட்டிக்கு லௌட்ஸ்பீக்கர் கட்ட வருகிறவர் பெட்டியிலிருந்து எடுத்துத் தரும் மைக் பெரும்பாலும் ஷூர் எஸ்எம்58, இல்லாவிட்டால் அதைப் பார்த்துச் செய்த போலி. அசல் 1966இல் வந்தது. எடை 298 கிராம். கையில் இலேசாக விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்தால் சந்தேகப்படுங்கள்.

முன்னால் வரும் குரலை வாங்கும்; நேர் பின்னால் வருவதைப் பெரும்பாலும் விட்டுவிடும். அதனால் லௌட்ஸ்பீக்கர் ஹோர்ன், மைக்கின் வாலுக்குப் பின்னால் இருக்க வேண்டும். பந்தோடு சேர்ந்து வர்ணனையாளரும் திரும்பினால் மைக்கின் முகம் ஹோர்னைப் பார்க்கும், உடனே 'கீ' என்று கத்தும். வலையைக் கையால் பொத்திப் பிடித்தாலும் அதே கதைதான். மேடைப் பாடகர் பழக்கம் மைதானத்துக்கு ஆகாது.

வாய்க்கும் வலைக்கும் மூன்று விரல் இடைவெளி, சற்றே பக்கவாட்டில். ஒட்டிப் பேசினால் அடிக்குரல் வீங்கும், 'ப' வெடிக்கும். மிக்சரில் (மைக் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி) 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ள அடி ஒலியை வெட்டும் பொத்தானைப் போட்டுவிடுங்கள். 'ஹலோ, ஹலோ' சொல்லி கெயின் (மிக்சர் மைக் குரலை எவ்வளவு பெருக்க வேண்டும் என்ற அளவு) வைப்பதுதான் வழக்கமான பிழை. கோல் விழுந்தால் கத்துவீர்களே, அந்தக் குரலில் கத்திப் பார்த்து வையுங்கள்.

நுவரெலியா, ஹட்டன் பக்கக் காற்றுக்கு உள்ளே இருக்கும் பஞ்சு மட்டும் போதாது. வெளியே ஒரு பஞ்சுத் தொப்பி கட்டாயம். மிஸ்டில் நனைந்தால் வலையைத் திருகிக் கழற்றி, பஞ்சை நிழலில் உலர்த்துங்கள்.

வயர்தான் அதிகம் சதி செய்கிறது. இரண்டு பக்கமும் எக்ஸ்எல்ஆர் (மூன்று ஊசி உள்ள வட்டப் பிளக்) உள்ள வயர் 50 மீட்டர் போனாலும் பிரச்சினை இல்லை. ஒரு முனையில் சாதாரண ஜெக் வைத்த வயரை அப்படி நீட்டினால் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் ஏறிவிடும். கைத்தொலைபேசியில் நேரலை செய்கிறவர்கள் மைக்கை நேரே போனில் குத்தவேண்டாம். குரல் மெலிந்து வரும், அல்லது போன் மைக்கையே கண்டுகொள்ளாது. நடுவே சிறிய மிக்சரோ, மைக் ஒலியைப் போனுக்கு ஏற்றபடி மாற்றும் ஓடியோ இன்டர்ஃபேஸோ வேண்டும்.

மலை சூழ்ந்த மைதானத்தில் இன்னொரு தொல்லை எதிரொலி. எதிர் மலை 170 மீட்டரில் இருந்தால் உங்கள் சொல் ஒரு செக்கனில் திரும்பி வந்து அடுத்த சொல்லைத் தடுக்கும். ஹோர்ன்களை மலையை நோக்கி வைக்காமல் சனத்தின் பக்கம் தாழ்த்துங்கள், வசனங்களையும் வெட்டுங்கள்: 'ஏழாம் இலக்கம். வலது பக்கம். உதைத்தார்!'

இந்த மைக்கின் பெரிய குறை, அதைப் பிடிக்க ஒரு கை வேண்டும் என்பதுதான். பந்து யாரிடம், யாருக்குப் போகிறது, புள்ளி எத்தனை, நேரம் எவ்வளவு என்று ஓயாமல் சொல்கிறவருக்கு இலக்கமும் பெயரும் எழுதிய தாள் ஒரு கையில், பேனை மறு கையில். மைக்குக்குக் கை எங்கே? அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களின் தொலைக்காட்சி வர்ணனையாளர்கள் ஹெட்செட் அணிவது இதனால்தான். தயாரிப்பாளர் சொல்வதும் காதில் விழும். இருமல் வந்தால் அமுக்க அவர்களுக்குத் தனிப் பொத்தான் இருக்கும். சாதாரண எஸ்எம்58இல் சுவிட்சே இல்லை. மாணவர் கைபட்டு அணையாது என்பதும் அதனால்தான்.

மைதான அறிவிப்புக்கு மட்டும் என்றால் தாராளமாக வாங்கலாம். இருவர் பேசும் நேரலைக்கு ஹெட்செட் இரண்டு பாருங்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால் வளையும் கழுத்துள்ள ஸ்டாண்டில் பூட்டி, ஸ்டாண்டை மேசையில் வைக்காமல் தரையில் நிறுத்துங்கள். மேசையில் கை தட்டினால் இடி மாதிரிக் கேட்கும்.