ஆனைமலைப் பல்லி எந்தக் குடும்பத்துப் பிள்ளை?

இரவில் ஜன்னல் கண்ணாடியின் வெளிப்பக்கம் ஒட்டியிருக்கும் வீட்டுப் பல்லியை உள்ளே நின்று பாருங்கள். விரல்களின் அடியில் மெல்லிய மடிப்புகள் தெரியும். பெரும்பாலான மடிப்புகள் நடுவில் பிளந்து, மீன் முள் மாதிரி இரண்டு வரிசையாக இருக்கும். வீட்டுப் பல்லி சேர்ந்திருக்கும் ஹெமிடாக்டைலஸ் என்ற பேரினத்தின் அடையாளமே இதுதான். பெயருக்குக்கூட 'அரைவிரல்' என்றுதான் பொருள். 180-க்கும் மேற்பட்ட சிற்றினங்களைக் கொண்ட பெரிய கூட்டம் அது.

மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழும் ஆனைமலைப் பல்லிக்கோ அந்த மடிப்புகள் பிளக்காமல் முழுசாக இருக்கின்றன. விலங்கியலாளர் குந்தர் 1875-இல் இதை அறிவியலுக்கு முதலில் விவரித்தார். அப்புறம் கொஞ்ச காலம் நியூசிலாந்துப் பல்லிகளோடு சேர்த்து வைத்திருந்தார்கள், எங்கே இருக்கிறது நியூசிலாந்து! 1933-இல் மால்கம் ஸ்மித் இதற்கென்றே திராவிடோகெக்கோ என்ற பேரினத்தை உண்டாக்கினார். 1995-இல் பாவர், ரசல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதைக் கலைத்து, பல்லியை ஹெமிடாக்டைலஸுக்குள் கொண்டுபோனார்கள்.

அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. இரண்டிலும் நகமுள்ள கடைசி விரல் எலும்பு, ஒட்டும் பட்டையின் நுனியிலிருந்து நீளாமல் அதன் உள்ளிருந்தே மேல்நோக்கி எழுகிறது. இத்தனை நுணுக்கமான அமைப்பு இரண்டு கூட்டங்களில் தனித்தனியாக உருவாகியிருக்கும் என்று நம்புவது கடினம்தான்.

முதுகைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனைமலைப் பல்லியின் முதுகில் பருக்கள் இல்லை, ஒரே மாதிரியான பொடிச் செதில்கள்தான். ஆனால் ஹெமிடாக்டைலஸிலும் வழவழப்பான முதுகுக்காரர்கள் உண்டு. ஆணின் தொடைத் துளைகளும் (தொடையடியில் வரிசையாக இருக்கும் சுரப்பித் துளைகள்) அப்படித்தான்: ஆனைமலைப் பல்லிக்கு ஒரு தொடையிலிருந்து மறு தொடை வரை இடைவெளியின்றி ஓடும், நம் வீட்டுப் பல்லி ஒன்றுக்கும் அதே கதை.

2013-இல் மரபணு ஆய்வு வந்தது. ஆனைமலைப் பல்லி ஹெமிடாக்டைலஸ் கிளைவிடத் தொடங்கும் முன்பே பிரிந்துபோன பங்காளி என்று அது காட்டியது. 2019-இல் திராவிடோகெக்கோவுக்கு மறுபடி உயிர் கொடுத்து, கூடவே 6 புதிய சிற்றினங்களையும் விவரித்தார்கள்.

சரி, யார் சொல்வது சரி? பங்காளியை உள்ளே வைத்திருந்தாலும் ஒரு பேரினத்தில் இருப்பவை ஒரே மூதாதையின் முழு வாரிசுகளாக இருக்க வேண்டும் என்ற வம்சாவளி விதி உடையாது; கோட்டை எங்கே போடுவது என்பது மனிதர் முடிவு. என் ஓட்டு திராவிடோகெக்கோவுக்கே. உள்ளே சேர்த்தால், பிளந்த மடிப்பு என்ற எளிய அடையாளம் ஹெமிடாக்டைலஸுக்கு இல்லாமல் போய்விடும். தனியே வைத்தால் இரண்டையும் விரலடியைப் பார்த்தே பிரிக்கலாம்.

ஆகவே மலையில் ஒரு பல்லியைப் படமெடுத்தால், முதுகு மட்டும் போதாது. விரலடியும் தெரிகிற மாதிரி ஒன்று வேண்டும்.